காலேஜ் பார்க்கப் போவது

(கோடை விடுமுறையில் ஒரு கிராமத்து வாசகசாலையில் பேசியது)



இன்று இங்கு நான் பேச வந்திருக்கும் விஷயம் சாமியைப் பற்றியதுமல்ல, சாதியைப் பற்றியதுமல்ல. 12-ஆம் வகுப்பு எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார்கள் சில வாரங்களாக என்னிடம் கட்டுக் கட்டாக நோட்டீசுகளைக் கொண்டுவந்து காட்டி, "இதில் எதற்குப் போவது, எதை விடுவது?" என்று கேட்கிறார்கள். கல்விக் கண்காட்சி, வழிகாட்டிக் கூட்டம், காலேஜ் திறந்த நாள், இலவச பஸ்சில் காலேஜ் சுற்றிப்பார்த்தல், ஸ்காலர்ஷிப் பரீட்சை என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் இரண்டு மூன்று அழைப்பு வருகிறது. திருவிழாவுக்குக்கூட நம்மை இவ்வளவு வருந்தி யாரும் அழைப்பதில்லை.

நான் காலேஜில் படித்தவனல்ல. எட்டாவதோடு என் பள்ளிக்கூடம் முடிந்துபோயிற்று. மற்றதெல்லாம் இதுபோன்ற வாசகசாலைப் பெஞ்சுகளில் படித்ததுதான். ஆனபோதிலும், என் அண்ணன் மகளுக்காக ஒரே கோடையில் ஒன்பது கூட்டங்களுக்கு அலைந்தவன் என்கிற யோக்கியதையில் பேசுகிறேன். அந்த ஒன்பதில் ஏழு வீண். அந்த ஏழில் ஒன்று வெறும் வீணோடு நில்லாமல் நஷ்டமாகவும் முடிந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஊர்ப் பேரும் காலேஜ் பேரும் வேண்டாம். காலையில் பஸ் வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. போனவுடன் பன்னீர் தெளித்தார்கள். குளிர்சாதன மண்டபத்தில் உட்காரவைத்தார்கள். டெலிவிஷனில் வருகிற ஒருவர் தன்னம்பிக்கையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். மத்தியானம் பிரியாணி. பிறகு சீட்டுக் குலுக்கி ஒரு பிள்ளைக்கு லாப்டாப் கொடுத்தார்கள். அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்கள்: "இன்றைக்கே அட்வான்ஸ் கட்டுகிறவர்களுக்குச் சலுகை, நாளைக்கு வந்தால் இடம் இருக்காது." என் அண்ணன் கையில் இருந்ததைக் கட்டினார். மதிப்பெண் சான்றிதழையும் கேட்டார்கள், கொடுத்தார். பிறகு கவுன்சிலிங்கில் பெண்ணுக்கு இதைவிட நல்ல இடம் கிடைத்தது. கொடுத்த காகிதத்தைத் திரும்ப வாங்க நான் ஐந்து தடவை நடந்தேன். பணத்துக்கு இன்னும் அதிக தடவை.

சட்டம் நம் பக்கம்தான் இருந்தது. அது எனக்குத் தெரியாமல் இருந்ததுதான் குறை. அசல் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. தொழிற்கல்வியில் வகுப்புத் தொடங்குமுன் விலகிக்கொள்ளுகிற பிள்ளைக்கு, அதிகம் போனால் 1000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தரவேண்டும் என்பது அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் விதி. ஆதலால், எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அசல் சான்றிதழையும் பணத்தையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கையில் இல்லாததை யாரும் வாங்க முடியாதல்லவா?

சரி, எதற்குப் போவது? ஒரு கூட்டத்துக்குத் தகப்பனும் பிள்ளையும் போய்வந்தால் ஒரு நாள் கூலி போகிறது, பஸ் சார்ஜ் போகிறது, பிள்ளைக்கு ஒரு நாள் போகிறது. அந்தச் செலவைக் கொடுத்து நாம் எதை வாங்குகிறோம் என்று கேட்கவேண்டும். இந்த வாசகசாலையில் உட்கார்ந்தே தெரிந்துகொள்ளக்கூடியதைத் தெரிந்துகொள்ள நூறு மைல் போவானேன்? போன வருஷம் எந்தக் காலேஜில், எந்தப் பிரிவில், எந்த வகுப்பாருக்கு எத்தனை மதிப்பெண்ணோடு இடம் முடிந்தது என்பதைக் கவுன்சிலிங் நடத்துகிறவர்களே வெளியிடுகிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காலேஜ்களில் பரீட்சையில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதும் வெளியாகிறது. மத்திய அரசாங்கத்தின் தரவரிசை 2016 முதல் வருகிறது. இவற்றையெல்லாம் ஒரு பையன் கைப்போனிலேயே அரை மணியில் எடுத்துத் தருவான். மேடையில் இதைவிட அதிகமாக ஒன்றும் சொல்லமாட்டார்கள். குறைத்து வேண்டுமானால் சொல்லுவார்கள்.

நாக் என்கிற தரச் சான்று பற்றி ஒரு வார்த்தை. 'ஏ' என்று பெரிய எழுத்தில் போட்ட பலகையைப் பார்த்தவுடன் கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்தச் சான்று காலேஜ் முழுமைக்கும் கொடுப்பது. உங்கள் பெண் சேரப்போகும் பிரிவுக்குத் தனிச் சான்று உண்டா என்பது வேறு கேள்வி. தவிரவும், 2025 பிப்ரவரியில் அந்த ஆய்வுக்குப் போன குழுவினர் சிலரையே லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்தது. சான்று வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதையும் ஒரு சாட்சியாக வைத்துக்கொண்டு மற்றச் சாட்சிகளையும் விசாரியுங்கள் என்கிறேன்.

நேரில் போனால்தான் தெரியும் என்கிறவை சில உண்டு. சோதனைக்கூடத்தில் இருக்கிற மெஷின் ஓடுகிறதா, அல்லது ஆயுதபூஜைக்குத் துடைத்து வைத்ததா? லைப்ரரியில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்களா? பெண்கள் விடுதியில் தண்ணீர் வருகிறதா, கக்கூசுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? பஸ் நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் இருட்டில் நடக்கவேண்டும்? எல்லாவற்றுக்கும் மேலாக, வாத்தியார் இருக்கிறாரா? சிரிக்காதீர்கள். 2024-இல் அறப்போர் இயக்கத்தார் கணக்கெடுத்து வெளியிட்டபோது, நூற்றுக்கணக்கான ஆசிரியர்களின் பேர்கள் ஒரே சமயத்தில் பல இன்ஜினியரிங் காலேஜ்களின் பட்டியலில் இருந்தது தெரியவந்தது. பதினாறாயிரம் வீட்டிலும் ஒரே நேரத்தில் கிருஷ்ணன் இருந்தான் என்று புராணக்காரன் சொன்னால் நாம் கேள்வி கேட்கிறோம். புராணிகனைக் கேட்ட கேள்வியைக் காலேஜ்காரரிடமும் கேட்கவேண்டாமா?

இவற்றைத் திறந்த நாளில் பார்க்கமுடியுமா என்றால், பாதிதான் முடியும். அன்றைக்கு எல்லாம் கழுவி வைத்திருக்கும். ஆகவே, என் அனுபவத்தில் மிகவும் உபயோகப்பட்டது அழைப்பே இல்லாமல் ஒரு சாதாரண வேலைநாளில், வகுப்பு நடக்கும்போது போனதுதான். வாசலில் காவற்காரர் தடுத்தால், சேர்க்கை விசாரிக்க வந்தோம் என்று சொல்லி அனுமதி கேளுங்கள். உள்ளே விடாவிட்டாலும் மோசமில்லை. எதிரே டீக்கடையில் நில்லுங்கள். நாலு மணிக்குப் பிள்ளைகள் வருவார்கள். மூன்றாம் வருஷப் பையன் ஒருவனிடம், "தம்பி, இந்த வருஷம் எந்தப் பாடத்துக்கு வாத்தியார் மாறிக்கொண்டே இருந்தார்?" என்று கேளுங்கள். நான் அப்படிக் கேட்டு, அரை மணி நேரம் பேச்சு நிற்கவில்லை. (ஒரு முறை பஞ்சாங்கம் பார்த்து நல்ல நாள் குறித்து எங்களை அழைத்துப்போனார் உறவினர் ஒருவர். நாள் நல்லதுதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை. காவற்காரரையும் இரண்டு ஆடுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.)

அழைக்கிற கூட்டங்களில் போகத்தக்கவை உண்டு. காலேஜ் பிள்ளைகளே தாங்கள் செய்த வேலைகளை வைத்துக் காட்டும் கண்காட்சிக்குப் போங்கள். விளக்கத் தெரிந்த பிள்ளை செய்தானா, விலைக்கு வாங்கி வைத்தானா என்பது இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும். அரசாங்கம் 2022 முதல் நடத்தும் 'கல்லூரிக் கனவு' கூட்டத்துக்கும் போங்கள்; அங்கே உங்கள் அட்வான்சுக்காகக் காத்திருப்பவர் இல்லை. பல காலேஜ்கள் ஒரே இடத்தில் கடை போடும் கண்காட்சிக்கு, கேள்வியை எழுதிக்கொண்டு போனால் ஒரு தடவை போகலாம்; பை நிறைய நோட்டீஸ் சேர்க்க என்றால் வேண்டாம்.

ஸ்காலர்ஷிப் பரீட்சைக்கு என்ன சொல்லுகிறீர்கள் என்று ஒரு அம்மாள் கேட்டார். அம்மா, அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இன்ஜினியரிங் காலேஜில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு 2007 முதல் நுழைவுப் பரீட்சையே கிடையாது. கணக்கில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50, ஆக 200-க்குப் பிள்ளை எடுத்ததுதான் கணக்கு. உங்கள் பெண் ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவிகிதம் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அந்த வழியில் சேருகிறவர்களின் கட்டணத்தை அரசாங்கமே ஏற்கிறது. இதைக் குளிர்சாதன மண்டபத்தில் யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? சொல்லியிருந்தால் நீங்கள் எழுந்து வந்திருப்பீர்கள்.

கடைசியாக ஒரு சங்கதி. இந்தக் கூட்டங்களுக்கு யார் போகிறார்கள் என்று பார்த்தேன். பையன் என்றால் பையனும் வருகிறான். பெண் என்றால் தகப்பனாரும் தாய்மாமனும் மட்டும் வருகிறார்கள். பெண் வீட்டிலேயே இருக்கிறாள். நாலு வருஷம் அந்த விடுதியில் படுக்கப்போகிறவள் அவள். தாழ்ப்பாள் இல்லாததை மாமன் எப்படிக் கண்டுபிடிப்பார்? எங்கள் அண்ணன் மகள் எட்டு இடத்துக்கு வராமல் ஒன்பதாவது இடத்துக்குத்தான் வந்தாள். நாங்கள் கேட்காத கேள்விகளை அவள் கேட்டாள். இப்போது அங்கேதான் படிக்கிறாள். பஸ்சில் ஒரு டிக்கெட்டுதான் வாங்க முடியும் என்றால், தகப்பனார் இறங்கிக்கொள்ளட்டும். தாயாரோ அக்காளோ இன்னொரு நாள் அவளை அழைத்துப்போகட்டும்.

மணி எட்டரை ஆகிவிட்டது. நோட்டீஸ் வைத்திருப்பவர்கள் மேசைக்கு வாருங்கள். போகவேண்டியது ஒரு பக்கம், அடுப்புக்கு ஒரு பக்கம் என்று பிரித்துவிட்டு, கடைசி பஸ்சுக்குமுன் கலைந்துபோகலாம்.