விலைச்சீட்டும் தையல் கூலியும்

(போர்ட் பிளேரில் கட்சி உறுப்பினர் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பொங்கலுக்கும் துர்கா பூஜைக்கும் அபர்தீன் பஜாரின் கடைகளில் தொங்கும் ஆயத்த ஆடைகள் இந்தத் தீவுகளில் உருவானவை அல்ல. இங்கே நூற்பாலை இல்லை. பனியன் கம்பெனியும் இல்லை. சென்னையிலிருந்து மட்டும் சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து சரக்கு வருகிறது. 2024 செப்டம்பரில் இந்நகரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றுவதில் ஒன்றிய அரசு காட்டிய வேகம், விலைவாசியைக் குறைப்பதில் காணப்படவில்லை.

இதே தீவுகளின் ராதாநகர் கடற்கரையில், அணிந்திருப்பவரின் பெட்டியைச் சுமக்கும் தொழிலாளியின் மாதக் கூலியை விழுங்கிவிடும் விலையுள்ள சட்டைகளும் உலவுகின்றன. வடிவமைப்பாளர் பெயர் பொறித்த ஆடை ஒருபுறம். இருநூறு, முந்நூறு ரூபாய் ஆடை மறுபுறம். இவற்றைக் குறித்து இளைய தோழர்களிடையே இரு கருத்துகள் நிலவுகின்றன. மலிவு ஆடை வந்ததால் ஏழைக்கும் நாகரிகம் கிட்டியது, ஆகவே அது முன்னேற்றம் என்பது ஒன்று. மலிவு ஆடை வியர்வையைப் பிழிந்து தைக்கப்படுகிறது, விலை உயர்ந்த ஆடையே நியாயமான கூலிக்குத் தைக்கப்படுகிறது என்பது மற்றொன்று. இரண்டுமே விலைச்சீட்டைப் பார்த்துத் தொடங்கும் வாதங்கள். தையல் கூடத்தின் வாசலை இரண்டும் மிதிப்பதில்லை.

இரண்டாவது கருத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். 1863 ஜூனில் மேரி ஆன் வாக்லி என்ற இருபது வயதுத் தையல் தொழிலாளி லண்டனில் மாண்டாள். அவள் வேலை செய்தது மலிவுத் துணிக் கடையில் அன்று. பெரிய இடத்துச் சீமாட்டிகளுக்கு ஆடை தைத்துத் தரும் மதிப்புமிக்க நிறுவனத்தில். வேல்ஸ் இளவரசிக்காக நடந்த நடன விருந்துக்கான ஆடைகளை முடிப்பதற்காக, காற்றோட்டமற்ற அறையில் முப்பது பெண்களோடு அமர்ந்து, இருபத்தாறரை மணி நேரம் இடைவிடாது தைத்தாள். வெள்ளிக்கிழமை படுத்தவள் ஞாயிற்றுக்கிழமை இறந்தாள். மூலதனம் முதல் பாகத்தில், வேலை நாள் குறித்த அத்தியாயத்தில், மார்க்ஸ் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

அது பழங்கதை என்போருக்கு 2025 ஜூலையின் செய்தி உண்டு. எல்விஎம்எச் குழுமத்தைச் சேர்ந்த லோரோ பியானா என்ற இத்தாலிய ஆடம்பர ஆடை நிறுவனத்தை மிலான் நீதிமன்றம் நீதிமன்றக் கண்காணிப்பின்கீழ் வைத்தது. அதன் காஷ்மீர் கம்பளி மேலாடைகள், ஒப்பந்தத்துக்குள் ஒப்பந்தமாகக் கைமாறி, சீனத் தொழிலாளர்கள் சுரண்டப்பட்ட பட்டறைகளில் தைக்கப்பட்டது வெளிவந்தது. சுமார் 120 யூரோவுக்குத் தைத்து வாங்கப்பட்ட ஆடை, கடையில் 3,000 யூரோவுக்கு மேல் விற்றது. நடுவில் இருப்பது கலையின் விலை என்று சிலர் சொல்லக்கூடும். அந்தக் கலையில் ஊசி பிடித்த கைக்குப் பங்கு வைக்க எவரும் முன்வரவில்லை.

மலிவு ஆடையின் கணக்கு இன்னும் கொடியது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் ரானா பிளாசா இடிந்து 1,134 பேர் மாண்டனர். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கட்டடத்திலிருந்த வங்கிக் கிளை மூடப்பட்டது. தையல் தொழிலாளர்களோ கூலி பிடிக்கப்படும் என்று மிரட்டப்பட்டு மேலே ஏற்றப்பட்டனர். மலிவுக்குப் பெயர்பெற்ற பிரைமார்க்கின் ஆடைகளும், அதைவிடப் பல மடங்கு விலைக்கு விற்கும் பெனட்டனின் ஆடைகளும் அந்த ஒரே கூரையின்கீழ் தைக்கப்பட்டவை.

மலிவு முன்னேற்றம்தானா என்ற கேள்வி தீவின் தொழிலாளிக்கு நேரடியானது. தீவு நிர்வாகத்தில் ஆண்டுக்கணக்கில் தினக்கூலி மஸ்தூராக உழைப்பவர், அந்தக் கூலியில் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடையும் பண்டிகைத் துணியும் எடுத்தாக வேண்டும். மலிவு ஆடை இல்லையென்றால் அவர் கூடுதல் கூலி கேட்பார். உழைப்பாளியின் உணவும் உடையும் மலிவானால் உழைப்புச் சக்தியின் மதிப்பும் இறங்குகிறது. ரொட்டி மலிவாகும் என்று தடையற்ற வணிகத்தைப் புகழ்ந்த ஆலை முதலாளிகளை 1848 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸ் உரையில் மார்க்ஸ் தோலுரித்தது இந்த இடத்தில்தான். திருப்பூர் பவர் டேபிள் தொழிலாளியின் குறைந்த பீஸ் ரேட், போர்ட் பிளேர் மஸ்தூரின் குறைந்த தினக்கூலியைத் தாங்கி நிற்கிறது.

ஆகவே மலிவுத் துணி வாங்காதே என்று மஸ்தூருக்கு அறிவுரை சொல்வது நடுத்தர வர்க்கத்தின் நல்லெண்ணம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. ரானா பிளாசாவுக்குப் பின் நிலைமை சிறிதேனும் மாறியது வாடிக்கையாளர்களின் மனச்சாட்சியால் மட்டும் அன்று. 2013 மே மாதம், சர்வதேசத் தொழிற்சங்கங்களோடு சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டிய நிலை பெரும் நிறுவனங்களுக்கு ஏற்பட்டது. அதற்கும் வெகு முன்பே, 1984இல், திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கோரி 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விலைவாசி ஏறினால் கூலியும் ஏற வேண்டும் என்பதே கோரிக்கை. அபர்தீன் பஜாரில் துணியெடுக்கும் மஸ்தூரின் கோரிக்கையும் அதுவே. திருப்பூர்ச் சங்கத்தின் துண்டறிக்கையை இங்கே படிக்கவும், இங்குள்ள மஸ்தூர்களின் கோரிக்கைப் பட்டியலை அங்கே அனுப்பவும் சென்னைக் கப்பல் போதும். அது துணி மூட்டைகளை மட்டுமே ஏற்றி வர வேண்டும் என்ற விதி எதுவுமில்லை.