சேணத்திலிருந்து லாயத்துக்கு



திருகோணமலையிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் பாதையில் அமைந்த சாம்பல்தீவில் பந்தயத் திடல் எதுவும் இல்லை. வண்டி மாட்டை அறிந்தவர் உண்டு. தோணியை அறிந்தவர் உண்டு. குதிரையோட்டத்தைப் பற்றிச் சித்திரை மாதத்து நுவரெலியாச் செய்திகளில் படித்திருப்போம், அவ்வளவே. ஆயினும் மாடு வளர்ப்போர் அறிந்த உண்மை ஒன்று உண்டு. ஓட்டத் தெரிந்தவன் எல்லாம் வளர்த்துப் பழக்கத் தெரிந்தவன் அல்லன். இவ்விரு கலைகளையும் ஒரே வாழ்நாளில் பயின்ற ஒருவரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அவர் ஆங்கில நாட்டுக் கோடன் ரிச்சட்ஸ்.

1904ஆம் ஆண்டு சுரொப்சயர் மாநிலத்தில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். பதினைந்தாம் வயதில், பத்திரிகை விளம்பரம் ஒன்றைக் கண்டு, எழுதுவினைஞர் வேலையை விட்டுக் குதிரை லாயமொன்றிற் பயிலுநராகச் சேர்ந்தார். 1921இல் முதல் வெற்றி. 1925இல் நாட்டின் முதல்வர் என்ற நிலை. மறு ஆண்டே காசநோய் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது. அக்காலத்தில் அந்நோய்க்கு இன்றுள்ள மருந்து இல்லை. அவர் மீண்டது மட்டுமன்று, 1927இல் மறுபடியும் முதல்வரானார். 1933இல் 259 வெற்றிகள் பெற்று, 1885இல் பிரெட் ஆச்சர் நிலைநாட்டிய 246 என்ற எல்லையைத் தாண்டினார். 1947இல் 269. இருபத்தாறு ஆண்டுகள் அவரே முதல்வர். மொத்த வெற்றிகள் 4,870.

இத்தனைக்கும் டேர்பி என்னும் பெரும் பந்தயம் அவர் கைக்கு எட்டவில்லை. இருபத்தேழு முறை முயன்றார். இருபத்தேழு முறையும் வேறொருவரே வென்றார். 1953ஆம் ஆண்டு யூன் 6ஆம் திகதி, எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழா நடந்த அதே வாரத்தில், பின்சா என்ற பெருங்குதிரையில் அமர்ந்து அதனை வென்றார். இரண்டாவதாக வந்த ஒறியோல் யாருடைய குதிரை என்கிறீர்கள்? அரசியாருடையது! தம் குதிரையைத் தோற்கடித்தவரை அழைத்துப் பாராட்டினார் அரசியார். அதற்குச் சில நாள் முன்னரே ரிச்சட்சுக்குச் 'சேர்' பட்டம் அறிவிக்கப்பட்டிருந்தது.

மறு ஆண்டு, யூலை மாதத்தில், சண்டவுன் திடலில் ஒரு பெண்குதிரை மிரண்டு நிமிர்ந்து அவர்மீதே சாய்ந்தது. இடுப்பெலும்பு முறிந்தது. ஐம்பது வயதில் சேணம் அவரை விட்டுப் போயிற்று.

இனி என்ன செய்வது? 1955இல் அவர் பயிற்றுநரானார். சவாரிக்காரனுக்கு வேலை இரண்டு மூன்று நிமிடம். அந்த நேரத்திற்குள் கண்ணும் கையும் தீர்மானிக்க வேண்டும். பயிற்றுநருக்கோ ஆண்டு முழுவதும் வேலை. விடியலில் எந்தக் குதிரையை எவ்வளவு தூரம் ஓட விடுவது, எதனைக் கட்டி வைப்பது, காலில் சூடு தெரிகிறதா, தொட்டியில் தீனி மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பந்தய நாளிலோ கடிவாளம் வேறொருவர் கையில்! இருபத்தாறு முறை முதல்வராயிருந்தவர் வேலிக்கப்பால் நின்று பார்ப்பது எளிதா? எனக்கு அவருடைய 4,870 வெற்றிகளைவிட இந்த நிற்றலே வியப்பளிக்கிறது.

பயிற்றுநராக அவர் முன்போல் முதலிடம் பெற்றாரல்லர். டேர்பி முதலிய ஐந்து பெரும் பந்தயங்களுள் ஒன்றையேனும் அவர் லாயம் வெல்லவில்லை. 1957ஆம் ஆண்டு டேர்பியில் அவருடைய பைப் ஒவ் பீஸ் மூன்றாவதாக வந்தது.

பந்தயம் என்றதும் சூது என்று முகஞ் சுளிக்கும் நேயர்கள் இருப்பீர்கள். பணம் கட்டிக் குடும்பத்தைக் கெடுத்தோரை நானும் மறைக்க வரவில்லை. ஆனால், தமிழ்நாட்டின் தடைச் சட்டம் பற்றிய வழக்கில், குதிரைப் பந்தயம் பெரிதும் திறமையைச் சார்ந்தது என்றே 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பம்பாயின் பெஸி ஷ்ரொப் இந்திய டேர்பியைச் சேணத்திலிருந்து எட்டு முறை வென்று, பின்னர் இதே வழியில் பயிற்றுநரானவர்.

ரிச்சட்சுக்கும் ஒரு நல்ல நாள் வந்தது. 1967இல், நியூமார்க்கெட் சம்பியன் பந்தயத்தில், அவர் பழக்கிய றிபோம் என்ற குதிரை அவ்வாண்டு டேர்பியை வென்றிருந்த றோயல் பலஸையும் பின்னே தள்ளி முதலில் வந்தது. மேலே இருந்தவர் ஸ்கோபி பிரீஸ்லி. மூன்று ஆண்டுகளின்பின், 1970இல், ரிச்சட்ஸ் லாயக் கதவைச் சாத்தினார். ஆயினும் பிறர் வைத்திருந்த பந்தயக் குதிரைகளை மேற்பார்வை செய்யும் வேலையில் பின்னரும் ஈடுபட்டிருந்தார். 1986இல் காலமானார்.