வாந்திபேதிக் கிருமியைப் பெயர் சொல்லி அறிதல்



வங்க மொழியில் காலராவுக்கு 'ஓலாஉட்டா' என்று ஒரு பழம்பெயர் உண்டு. கீழே இறங்குவதும் மேலே எழும்புவதும் என்பது அதன் பொருள். நம் நாட்டுப்புறத்தார் இதே நோயைக் 'கக்கல் கழிச்சல்' என்றனர். மற்றையோர் வாந்திபேதி என்றனர். ஒரு மொழியைப் பார்த்து மற்றொரு மொழி செய்துகொண்ட பெயர்கள் அல்ல இவை. நோயாளியின் அருகில் நின்றோர் தம் கண்ணால் கண்டதையே அந்தந்த நாட்டில் பெயராக வைத்தனர். வங்காளத்தார் ஓலாதேவி என்றும் ஓலாபீபி என்றும் வணங்கினர். நம்மவர் மாரியம்மனிடம் முறையிட்டனர். ஆயினும் இப்பெயர்கள் யாவும் நோயின் குறிகளையே சொல்லுகின்றன, காரணத்தைச் சொல்லவில்லை. காரணத்தின் பெயரைக் கண்டறிவது ஆய்வுக்கூடத்தின் வேலை. அவ்வேலை எவ்வாறு நடைபெறுகிறது, அதனால் நமக்கு ஆகும் பயன் யாது என்பதை இன்று பார்ப்போம். இதற்குக் கொல்கத்தா நகரைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. ஏனெனில் காலராக் கிருமியைப் பற்றி உலகம் இன்று அறிந்திருப்பனவற்றுள் பெரும்பகுதி, கல்கத்தா என்று அந்நாளில் வழங்கிய இந்நகரிலேதான் வெளிப்பட்டது.

1854ஆம் ஆண்டிலேயே இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரில் பிலிப்போ பாசினி என்பவர், காலராவால் இறந்தோரின் குடலில் வளைந்த வடிவமுடைய நுண்ணுயிர்களை உருப்பெருக்கியில் கண்டார். ஆனால் குடலில் பலகோடிக் கிருமிகள் எப்போதும் வாழ்கின்றன. அவற்றுள் இதுதான் குற்றவாளி என்று எவ்வாறு துணிவது? 1883ஆம் ஆண்டு டிசம்பரில் ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் காக் தம் குழுவினருடன் கல்கத்தா வந்து சேர்ந்தபோது, அவர் முன் நின்ற கேள்வி இதுவே.

அவர் கையாண்ட வழி எளியது. பலவகை விதைகளைக் கலந்து தண்ணீரில் போட்டால் ஒன்றோடொன்று கலந்தே கிடக்கும். அவற்றையே வயலில் பரவலாகத் தூவினால் ஒவ்வொரு விதையும் விழுந்த இடத்தில் முளைக்கும். பயிரைப் பார்த்து விதையை அறியலாம். காக் ஊட்டச்சாறு கலந்த ஜெலட்டின் கூழைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, அதனையே வயலாகக் கொண்டார். விழுந்த ஒவ்வொரு கிருமியும் அங்கேயே பெருகிக் கண்ணுக்குத் தெரியும் புள்ளியாயிற்று. அப்புள்ளி ஒன்றிலிருந்து எடுத்து மீண்டும் வளர்த்தால், ஒரே இனக் கிருமியின் தூய வளர்ப்புக் கிடைத்துவிடும். 1884ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், கமா என்னும் நிறுத்தக்குறியைப் போல் வளைந்த அக்கிருமியைத் தனியே வளர்த்துவிட்டதாகக் காக் தம் அரசாங்கத்துக்கு எழுதினார். பேலியகாட்டாப் பகுதியில் சாஹிப் பகான் என்னும் இடத்தில் காலரா கண்டபோது, அங்குள்ள குளத்து நீரிலும் அதே கிருமியைக் கண்டார். நோயாளியின் துணியைத் துவைத்த குளமே சுற்றிலும் வாழ்ந்தோர்க்குக் குடிநீர்க் குளமாகவும் இருந்தது.

இன்று ஆய்வுக்கூடத்தில் நடப்பதும் இதன் வளர்ச்சியே. நோயாளியின் மலத்தில் சிறிதளவு எடுத்து, முதலில் காரத்தன்மை உள்ள பெப்டோன் நீரில் இடுவர். காலராக் கிருமிக்குக் காரம் உகந்தது. மற்றக் கிருமிகள் பல அதில் தளர்ந்துவிடும். ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் அது நீரின் மேற்பரப்பில் திரண்டு பெருகும். அங்கிருந்து கம்பி வளையத்தால் ஒரு துளி எடுத்து, அகர் என்னும் கடற்பாசிக் கூழ் உறைந்த தட்டின்மேல் இழுப்பர். இதற்கென்றே ஜப்பானியர் 1963ஆம் ஆண்டில் வகுத்த கூழ் ஒன்று உண்டு. அதில் பித்த உப்பும் சர்க்கரையும் நிறங்காட்டியும் கலந்திருக்கும். பித்த உப்பு வேண்டாத கிருமிகளை அடக்கும். காலராக் கிருமியோ சர்க்கரையைப் புளிக்கச் செய்து, பச்சை நிறத் தட்டின்மேல் மஞ்சள் நிறப் புள்ளிகளாக மறுநாள் காட்சி தரும்.

மஞ்சள் புள்ளியைக் கண்டவுடன் தீர்ப்பு எழுதிவிடலாகாது. வேறு சில கிருமிகளும் மஞ்சளாக வளர்வதுண்டு. ஆகவே அதனைச் சாதாரண அகரில் மறுபடி வளர்த்துச் சோதிப்பர். பித்த உப்பு வகை ஒன்றின் கரைசலில் அக்கிருமியைக் குழைத்து வளையத்தால் தூக்கினால், சர்க்கரைப் பாகு கம்பிப் பதத்தில் இழுபடுவதுபோல் நூலாக நீளும். பிறகு கண்ணாடிச் சில்லின்மேல் எதிர்ச்சீரம் ஒரு துளி விட்டுக் கலப்பர். காலராவுக்குரிய முதலாம் வகையாயின், பால் திரிந்தாற்போல் கிருமிகள் கட்டி கட்டியாகச் சேரும். இவ்வளவும் முடிய இரண்டு மூன்று நாள் ஆகிவிடும்.

தொலைவிலுள்ள சிற்றூரில் நோய் கண்டால் மாதிரி ஆய்வுக்கூடத்தை அடைவதற்குள் கிருமி மடிந்துவிடுமே என்ற கவலை முன்பு இருந்தது. அதற்கு வழி வகுத்தோர் வெங்கட்ராமன், ராமகிருஷ்ணன் என்னும் இருவர். கடலுப்பும் பெப்டோனும் சேர்த்துக் காரப்படுத்திய ஒரு நீர்மத்தில் இட்டால் காலராக் கிருமி பல நாள் உயிரோடிருக்கும் என்று 1941ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர். அவ்விருவரின் பெயராலேயே அந்நீர்மம் உலகெங்கும் வழங்கலாயிற்று.

இனி, காக் விட்டுச்சென்ற ஒரு புதிருக்கு வருவோம். கிருமியை வளர்த்தாயிற்று, ஆனால் அது மனிதனை எவ்வாறு கொல்லுகிறது? விலங்குகளுக்குக் கிருமியைக் கொடுத்துப் பார்த்தும் மனிதர்க்கு வரும் காலரா அவற்றுக்கு வரவில்லை. கிருமியின் உடல் சிதையும்போது வெளிப்படும் நஞ்சு இரத்தத்தில் கலந்து கொல்லுகிறது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. அதனை மாற்றியவர் ஹூக்ளி மாவட்டத்தில் 1915ஆம் ஆண்டில் பிறந்த சம்புநாத் தே. கல்கத்தாவின் மருத்துவக் கல்லூரிகளில் பணியாற்றிய இவர், முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதற்குள் கிருமி வளர்ப்பைச் செலுத்தினார். மறுநாள் அப்பகுதி நீரால் நிறைந்து வீங்கியிருந்தது. இது 1953ஆம் ஆண்டில் வெளியான செய்தி. 1959ஆம் ஆண்டில் மேலும் ஒரு படி ஏறினார். கிருமிகளை முற்றும் வடிகட்டி நீக்கிவிட்டு, எஞ்சிய தெளிநீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் நீரால் நிரம்பியது. கிருமி சுரந்து வெளிவிடும் நச்சுப்பொருளே நோயின் காரணம் என்பது இவ்வாறு தெளிவாயிற்று. இத்துணைப் பெரிய உண்மையைக் கண்டவரை, அவர் 1985ஆம் ஆண்டில் மறையும்வரை நம் நாட்டு விஞ்ஞானக் கழகங்கள் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

இக்கண்டுபிடிப்பால் சோதனையின் போக்கும் மாறியது. காலராக் கிருமியின் வடிவும் வளர்ச்சியும் உடையவாய், நச்சினைச் சுரக்கும் திறமில்லாதவையாய்ப் பல கிருமிகள் ஆற்றிலும் கழிமுகத்திலும் வாழ்கின்றன. ஆகவே இன்று ஆய்வாளர் கிருமியின் இனத்தோடு, நச்சுக்குரிய மரபணு அதில் உள்ளதா என்பதையும் பார்க்கின்றனர்.

'வளர்த்துப் பார்த்தல்' ஏன் இன்றியமையாதது என்பதற்கு நம் சென்னையே சான்று. 1992ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அங்கே காலரா போன்ற நோய் பரவியது. தட்டில் மஞ்சள் புள்ளிகள் வளர்ந்தன. ஆனால் எதிர்ச்சீரத்தில் கிருமிகள் கட்டியாகச் சேரவில்லை. கொள்ளைநோயாகப் பரவும் காலரா முதலாம் வகையால் மட்டுமே வரும் என்பது அதுவரை இருந்த கொள்கை. அக்கொள்கையின்படி 'இது அக்கிருமி அன்று' என்று எழுதி முடித்திருக்கலாம். அவ்வாறு முடித்துவிடாமல் அக்கிருமியைக் காத்து வைத்து, அறியப்பட்டிருந்த 138 வகைகளின் சீரங்களோடும் ஒப்பிட்டுப் பார்த்தனர். எதனோடும் அது பொருந்தவில்லை. எனவே 139ஆம் வகை என்று புதுப்பெயர் இட்டனர். வங்கக் கடலோரத்தில் தோன்றியதால் வங்காள வகை என்றும் வழங்கினர். விரைவில் அது கல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் பெருகியது. பழைய வகைக் காலராவால் பெற்ற எதிர்ப்பாற்றல் புதிய வகைக்கு உதவாமையால், பெரியவர்களும் மிகுதியாக நோயுற்றனர். அன்று தட்டில் வளர்த்த கிருமி கையில் இராதிருந்தால், பகைவன் வேடம் மாறி வந்ததை நாம் அறிந்திருக்க முடியாது.

நேயர்கள் இங்கே ஒன்று கேட்கலாம். முடிவு வர மூன்று நாள் ஆகுமெனில், சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும் நோய்க்கு இச்சோதனையால் என்ன பயன்? கேள்வி நியாயமானதே. நோயாளிக்கு வேண்டுவது கிருமியின் பெயர் அன்று; இழந்த நீரும் உப்பும். நச்சுப்பொருள் குடலை நீர் சுரக்கச் செய்தாலும், சர்க்கரையோடு சேர்ந்த உப்பை ஈர்த்துக்கொள்ளும் ஆற்றல் குடலுக்குக் குன்றுவதில்லை. 1971ஆம் ஆண்டில், வங்கதேசப் போரின்போது, எல்லையோர ஊராகிய பன்காவின் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலானபீஸ் உப்புச் சர்க்கரைக் கரைசலைப் பெருமளவில் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த சாவு, நான்குக்கும் கீழே இறங்கியது. எந்தச் சோதனைக்கும் அவர் காத்திருக்கவில்லை.

ஆதலின் சிகிச்சை நோயாளிக்காக, சோதனை ஊருக்காக. எந்தக் குழாய், எந்தக் குளம், எந்த மருந்து பயன்படும், எந்தத் தடுப்பூசி காக்கும் என்பவற்றுக்கெல்லாம் விடை அந்தத் தட்டிலிருந்தே பிறக்கவேண்டும். காக் குளத்து நீரைச் சோதித்த அதே பேலியகாட்டாவில், 1962ஆம் ஆண்டில் காலரா ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கிய நிறுவனம் பிற்காலத்தில் இடம்பெற்று, இப்பணியை ஏற்று நடத்தி வந்திருப்பது பொருத்தமே. கால் மணி நேரத்தில் குறி காட்டும் பட்டைச் சோதனைகள் இன்று வந்திருந்தாலும், அவை எச்சரிக்கை மட்டுமே தரும். உறுதி செய்வதற்கு வளர்ப்புச் சோதனையோ மரபணுச் சோதனையோ வேண்டும்.

பிற மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒருவருக்கு அரிசி கழுவிய நீர் போலப் பேதியானால், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து உடனே கொடுக்கத் தொடங்குங்கள். கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே மல மாதிரி கேட்டால் கூச்சமின்றிக் கொடுங்கள். கிருமிக்கொல்லி மருந்து தொடங்குமுன் எடுத்த மாதிரியே நன்கு பேசும். ஊர் புதிது, மொழி புதிது, வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று நோயை மறைப்பவர் சிலர் உண்டு. மறைத்த நோய் அடுத்த வீட்டுக் குழந்தையைச் சென்று சேரும். ஓலாஉட்டா என்றாலும் கக்கல் கழிச்சல் என்றாலும் அக்குழந்தை குடிப்பது அதே குழாய் நீரைத்தான்.