யார் அனுப்பிய ஆள் நீ?



போன கூட்டத்தில் இதே மைக்கைப் பிடித்துக்கொண்டு, நம்மிடம் ஓட்டுக் கேட்க வந்த ஒரு கட்சிக்காரர் சொன்னார்: "நீதிபதியை ஜெயிக்க வைத்தது கட்சி. அவர் ஆபீசில் யார் உட்கார வேண்டும் என்று கட்சி ஒரு பெயர் சொன்னால் என்ன தப்பு?" உங்களில் சிலர் கைகூடத் தட்டினீர்கள். அன்றைக்கு எனக்குப் பேச நேரம் கிடைக்கவில்லை. இன்றைக்குக் கிடைத்திருக்கிறது, விடமாட்டேன்.

என்ன தப்பு என்றா கேட்கிறாய்? சொல்கிறேன், கேள்.

இதே நியூயார்க்கில், புரூக்ளினில், மார்கரிட்டா லோபஸ் டோரஸ் என்று ஒரு அம்மா. 1992-ல் சிவில் கோர்ட் நீதிபதியாகத் தேர்தலில் ஜெயித்தார். ஜனநாயகக் கட்சியும் ஆதரித்தது. ஜெயித்த சூட்டோடு சூடாகக் கட்சியிலிருந்து ஆள் வந்தது. "இன்னாரை லா கிளார்க்காக வைத்துக்கொள்." அந்த அம்மா அவரை வைத்துக்கொள்ளவில்லை, தகுதி பார்த்து வேறு ஒருவரை வைத்துக்கொண்டார். பிறகு கட்சிப் பெரும்புள்ளி ஒருவரின் மகளை, அப்போதுதான் சட்டம் படித்து முடித்த பெண்ணை, எடுத்துக்கொள் என்றார்கள். அதற்கும் மறுத்துவிட்டதாக அவரே நீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், கதவு சாத்தப்பட்டது. 1997, 2002, 2003 என்று மூன்று முறை மேல் பதவிக்குக் கட்சியிடம் நியமனம் கேட்டார். மூன்று முறையும் இல்லை என்றார்கள். அதே 2002-ல் மக்கள் அவரை மறுபடியும் சிவில் கோர்ட்டுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஜனங்களுக்குப் பிடித்த நீதிபதி கட்சிக்கு ஆகவில்லை. ஏன்? "யார் அனுப்பிய ஆள்?" என்ற கேள்விக்கு அந்த அம்மாவிடம் பதில் இல்லை!

லா கிளார்க் என்றால் யாரோ பைல் தூக்குகிற பையன் என்று நினைத்துவிடாதீர்கள். கிரெடிட் கார்டு கடன் என்று ஒரு கம்பெனி உங்கள் மேல் வழக்குப் போடுகிறது. வக்கீல் வைக்க வசதியில்லை. சம்மனைப் பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு, ஒருநாள் கூலியை விட்டுவிட்டுப் போய் நிற்கிறீர்கள். உங்களையும் கம்பெனி வக்கீலையும் கூப்பிட்டு வைத்து, "தவணையில் கட்டுகிறாயா?" என்று பேசுவது பெரும்பாலும் அந்தக் கிளார்க்தான். உங்கள் மனுவை முதலில் படிப்பவர் அவர். சட்டத்தைத் தேடி எடுப்பவர் அவர். பல தீர்ப்புகளின் முதல் வரைவு அவர் மேசையில்தான் எழுதப்படுகிறது. நீதிபதி கையெழுத்துப் போடுவார். அந்த மேசையில்தான் கட்சி தன் ஆளை உட்காரவைக்கப் பார்க்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அதே கட்சிக்கு நன்கொடை கொடுத்தவராக இருந்தால் உங்கள் கதி என்ன?

மேல் நீதிபதி பதவிக்கு நியமனம் எப்படி நடக்கிறது தெரியுமா? அந்தப் பதவிக்குப் பெயர்தான் சுப்ரீம் கோர்ட். நியூயார்க்கில் அது விசாரணை நீதிமன்றம், 14 வருடப் பதவி. நாம் நேராக வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க முடியாது. பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவர்கள் மாநாடு கூட்டி வேட்பாளரைச் சொல்வார்கள். பிரதிநிதியாக நிற்க ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 37 நாளில் 500 கட்சி உறுப்பினர் கையெழுத்து வேண்டும். பல தொகுதிகள் சேர்ந்த நீதிமன்ற மாவட்டம் முழுவதும் அப்படி ஆள் திரட்ட யாரால் முடியும்? கட்சித் தலைவரால் மட்டும்தான். 1921-லிருந்து இதுதான் ஏற்பாடு.

அந்த அம்மா வழக்குப் போட்டார். 2006-ல் ஃபெடரல் நீதிபதி ஜான் கிளீசன் இந்த முறை செல்லாது என்றார். 2008-ல் வாஷிங்டன் உச்சநீதிமன்றம் செல்லும் என்றது. தீர்ப்பை எழுதியவர் அன்டனின் ஸ்காலியா. ஒருமனதான தீர்ப்பு. ஆனால் தனியே எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் ஒன்றைச் சொன்னார்: முட்டாள்தனமான சட்டம் போடுவதை அரசியல் சட்டம் தடுக்கவில்லை என்று, பழைய நீதிபதி மார்ஷல் சொன்னதை நினைவுபடுத்தினார். அந்தச் சட்டம் இன்றைக்கும் இருக்கிறது, நண்பர்களே! இன்றைக்கும்!

சிகாகோ கதை ஒன்று சொல்லியாக வேண்டும். 1948. ஆப்னர் மிக்வா என்று ஒரு சட்ட மாணவன். தேர்தல் வேலை செய்ய ஆசைப்பட்டு ஜனநாயகக் கட்சியின் வார்டு ஆபீசுக்குள் நுழைகிறான். அங்கே இருந்த பெரிய மனிதர் வாயிலிருந்த சுருட்டை எடுத்துவிட்டுக் கேட்டாராம்: "யார் அனுப்பினார்கள்?" "யாரும் அனுப்பவில்லை." "யாரும் அனுப்பாத ஆள் எங்களுக்கு வேண்டாம்." கூலியில்லாமல் உழைக்க வந்தவனையே விரட்டினார்கள்! பின்னால் அவர் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிபதியானார், கிளின்டனுக்கு வெள்ளை மாளிகைச் சட்ட ஆலோசகரானார். சுருட்டுக்காரர் பெயர் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? (சிரிப்பு)

அதே சிகாகோ, குக் கவுண்டி. 1970 டிசம்பரில் ஷெரிஃப் மாறினார். குடியரசுக் கட்சிக்காரர் போய் ஜனநாயகக் கட்சியின் ரிச்சர்ட் எல்ராட் வந்தார். சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கிற ஊழியருக்கு வேலை போயிற்று. சிறார் நீதிமன்றத்தில் காவலுக்கு நின்றவருக்கு வேலை போயிற்று. பயந்து நடுங்கும் பிள்ளைகள் வந்து நிற்கிற கோர்ட்டில் காவல் நிற்பவனுக்கு என்னய்யா கட்சி? வேலை பிழைக்க வேண்டுமென்றால் கட்சி மாறு, சம்பளத்தில் பங்கு கொடு, இல்லையென்றால் கட்சிக்காரர் ஒருவரின் சிபாரிசு கொண்டு வா. 1976-ல் உச்சநீதிமன்றம் இது கூடாது என்றது. புத்தி வந்ததா? நம் பக்கத்து ராக்லண்ட் கவுண்டியில், 1978-ல், ஏழைகளுக்கு அரசுச் செலவில் வாதாடும் வக்கீல் அலுவலகத்துக்குப் புதுத் தலைவர் வந்ததும், ஒன்பது உதவி வக்கீல்களில் ஆறு பேரை வீட்டுக்குப் போ என்றார்கள். திறமைக் குறைவா? இல்லை, கட்சி வேறு. 1980-ல் அதையும் நீதிமன்றம் அடித்துத் தள்ளியது.

ஒரு கட்சியை மட்டும் திட்டுகிறான் என்று யாரும் எழுந்திருக்க வேண்டாம். இல்லினாயில் குடியரசுக் கட்சி கவர்னர் ஜேம்ஸ் தாம்சன் 1980-ல் சுமார் 60,000 அரசுப் பணியிடங்களைத் தன் ஆபீஸ் கண்ணசைவில்தான் நிரப்ப வேண்டும் என்று பூட்டிவைத்தார். 1990-ல் அதற்கும் குட்டு விழுந்தது. அப்போதும் மாற்றுத் தீர்ப்பு எழுதி, கட்சிச் சலுகைக்கு வக்காலத்து வாங்கியவர் யார்? அதே ஸ்காலியா!

கட்சிச் சலுகைக்கு வக்காலத்து வாங்குகிறவர்களின் வாதம் ஒரே வரிதான்: வேலை கொடுக்காவிட்டால் தொண்டன் வரமாட்டான், தொண்டன் வராவிட்டால் ஜனநாயகம் செத்துவிடும். அப்படியானால் எலும்புத்துண்டுக்கு வருகிறவனை வைத்தா ஜனநாயகம் நடக்கிறது? இன்னொருவர் சொல்கிறார், லா கிளார்க் நீதிபதியின் அந்தரங்க உதவியாளர், அந்தப் பதவிக்கு இந்தத் தீர்ப்புகள் பொருந்தாது என்று. சரி, அந்தரங்க உதவியாளரை நீதிபதியே பொறுக்கிக்கொள்ளட்டும். நடுவில் நீ யார்?

பணத்தைப் பற்றியும் கேளுங்கள். புரூக்ளினில் சரோகேட் கோர்ட் இருக்கிறது. உயில்கள், அநாதைச் சொத்துக்கள் போகிற இடம். உயில் எழுதாமல், வாரிசு யாரும் முன்வராமல் ஒருவர் செத்துப்போனால் அவர் மிச்சம் வைத்த காசு அங்கேதான் வரும். அங்கே மைக்கேல் ஃபைன்பர்க் என்ற நீதிபதி தன் சட்டக் கல்லூரித் தோழரை அந்தச் சொத்துக்களுக்கு வக்கீலாக நியமித்தார். என்ன வேலை செய்தார் என்று சட்டப்படி தர வேண்டிய உறுதிமொழிப் பத்திரம்கூட வாங்காமல், சொத்தில் 8 சதவீதம் என்று ஃபீஸ் போட்டார். மொத்தம் 80 லட்சம் டாலருக்கு மேல்! கேட்க நாதியில்லாத பிணத்தின் பணம்! 2005-ல் ஃபைன்பர்க்கைப் பதவியிலிருந்து தூக்கினார்கள்.

அந்த வருடம் புரூக்ளின் ஜனங்கள் யாரை சரோகேட் நீதிபதி ஆக்கினார்கள் தெரியுமா? கட்சி கதவைச் சாத்திய அதே லோபஸ் டோரஸை! (கைதட்டல்) கையைத் தட்டிவிட்டு இதையும் கேளுங்கள். அதே 2005-ல் ஆல்பனியில் உள்ள நம் மாநிலச் சட்டமன்றம் புரூக்ளினுக்கு இரண்டாவது சரோகேட் நாற்காலி ஒன்றை உண்டாக்கியது. அதற்குக் கட்சிக்குள் ஓட்டெடுப்பே இல்லை. தலைவர்கள் ஆளைச் சொன்னார்கள். உட்கார்ந்தவர் கட்சி சட்டமன்ற உறுப்பினர் ஃபிராங்க் செடியோ. பின்னால் அந்தக் கவுண்டிக் கட்சிக்கே தலைவரானார். முன்பு ஒரு காலத்தில் அதே கட்சிக்குத் தலைவராக இருந்த கிளாரன்ஸ் நார்மன், தான் சொன்ன ஆட்களுக்குப் பிரசாரப் பணம் கொடுக்கும்படி நீதிபதி வேட்பாளர்களை மிரட்டியதற்காக 2007-ல் குற்றவாளி என்று தீர்ப்பானவர். இந்தக் கையிலா உங்கள் கோர்ட் மேசையைக் கொடுக்கப்போகிறீர்கள்?

பிப்ரவரி கடைசியில் மனுத்தாளோடு உங்கள் கதவைத் தட்டுவார்கள். அவசரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பாதீர்கள். அதில் நீதித்துறைப் பிரதிநிதி என்று யார் பெயர் இருக்கிறது, படியுங்கள். அதைவிட, நீங்களே நில்லுங்கள். இந்த மண்டபத்தில் கட்சியில் பெயர் பதிந்த குடிமக்கள் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள். ஒரு தொகுதிக்கு 500 கையெழுத்து நம்மால் முடியாததா? பொங்கல் விழாவுக்கு டிக்கெட் விற்கிற வேகத்தில் பாதி போதும். வாசலில் மேசை போட்டிருக்கிறோம், நோட்டும் பேனாவும் இருக்கிறது. போகும்போது பெயரையும் தொகுதியையும் எழுதிவிட்டுப் போங்கள்.