பிள்ளைகள் பாடட்டும்



தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இசைக்கல்வி எதற்கு என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். "எழுதப் படிக்கக் கற்றுக்கொடுங்கள், சார். கணக்குச் சொல்லிக்கொடுங்கள். பாட்டுப் படித்து என்ன ஆகப் போகிறது?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. விடியும் முன்பே பெரட்டுக்குப் போய், பகலெல்லாம் உழைத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்கள் இப்படிக் கேட்பதில் தவறே இல்லை. அதற்கு விடை சொல்வது ஆசிரியரின் கடமை.

நம் நாட்டில் 1983ஆம் ஆண்டு புதிய தொடக்கப்பள்ளிக் கலைத்திட்டம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தபோது, இசைக்கல்வியும் ஒரு பாடமாகச் சேர்க்கப்பட்டது. 2011இல் தொடங்கிய கலைத்திட்டத்திலும் அது இடம்பெற்றது. பாடுதல், தாளம் தட்டுதல், இசைக்கேற்ப அசைதல், ரெக்கார்டர் என்னும் குழலை வாசித்தல் ஆகியவை அதன் பகுதிகள். எல்லாப் பிள்ளைகளையும் பாடகராக்குவது இதன் நோக்கமன்று. காதைப் பழக்குவதே நோக்கம்.

காதைப் பழக்குவதால் என்ன பயன்? ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். முதலாம் ஆண்டில் சில பிள்ளைகள் 'பாடம்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'படம்' என்று எழுதுவார்கள். நூறு முறை எழுதச் சொன்னாலும் மறுநாள் அதே பிழை வரும். கையால் எழுதுவதில் குறையில்லை. காதுக்கு வேறுபாடு பிடிபடவில்லை. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று இலக்கணம் சொல்கிறது. மாத்திரை என்றால் காலஅளவுதானே? 'ப' என்று ஒரு தட்டு. 'பா' என்று நீட்டி இரண்டு தட்டு. இப்படிக் கைதட்டிப் பாடிய பிள்ளைக்கு நெடில் எது, குறில் எது என்பது சொல்லாமலே விளங்கிவிடும். இது பாட்டா, மொழிப்பாடமா? இரண்டுந்தான்.

தாளம் இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. ஆதி தாளத்திற்கு எட்டு எண்ணிக்கை. நான்கு, இரண்டு, இரண்டு என்று பிரித்து எண்ணுவோம். முப்பது பிள்ளைகள் சேர்ந்து தட்டும்போது ஒரு பிள்ளை முந்தினாலும் பிந்தினாலும் எல்லாருக்கும் கேட்டுவிடும். ஆகவே ஒவ்வொருவரும் மற்றவரைக் கவனித்துத் தட்ட வேண்டும். அடுத்தவருக்குக் காது கொடுக்கும் பழக்கம் இதில் வருகிறது.

இந்தப் படிப்பு பள்ளியில்தான் தொடங்குகிறதா? இல்லை. ஆயாக்கொட்டகையில் தூளியை ஆட்டிக்கொண்டு ஆயா பாடிய தாலாட்டு, கோயில் முற்றத்தில் அடித்த கும்மி, திருவிழாவில் முழங்கிய உறுமி ஆகியவையே தோட்டத்துப் பிள்ளையின் முதல் இசைப்பாடம். ஹங்கேரி நாட்டில் ஸோல்தான் கோடாய் என்றொரு இசையறிஞர் இருந்தார். 1882இல் பிறந்து 1967இல் மறைந்தவர். தம் நாட்டுக் கிராமங்களில் நாட்டுப்பாடல்களைத் திரட்டி, பிள்ளைகளுக்கு இசை கற்பிக்க அவற்றையே அடிப்படையாக்கினார். பேச்சுக்குத் தாய்மொழி இருப்பதுபோல் இசைக்கும் தாய்மொழி உண்டு என்பது அவர் கருத்து. நம் பிள்ளைகளுக்கு அந்தத் தாய்மொழி பாட்டிமாரின் பாடல்களில் இருக்கிறது.

ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தன. பெரும்பாலும் எழுதி வைக்கப்படாத அந்தப் பாடல்கள், பாடியவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் வீட்டில் பாட்டி இருந்தால் இன்றே ஒரு பாட்டுப் பாடச் சொல்லுங்கள். பேரப்பிள்ளை கேட்கட்டும். எழுதத் தெரிந்த பிள்ளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும்.

"பள்ளியில் டோ, ரே, மி என்கிறார்கள், அது நம் இசையில்லையே" என்று சிலர் தயங்குகிறார்கள். அந்த ஏழு சுரங்களையும் வரிசையாகப் பாடினால் நமது சங்கராபரணத்தின் ஆரோகணந்தான் கேட்கும். பெயர் வேறு, படிக்கட்டு ஒன்று. தயக்கம் வேண்டாம்.

அடுத்து நான் சொல்லப் போவது மிகவும் முக்கியமானது. "உனக்குப் பாட்டு வராது, வாயை மூடு" என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். ஒரே சுரத்தில் முணுமுணுக்கும் மாணவன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். அவனைத் திடலின் ஓரத்தில் நிறுத்தி, "அதோ, தூரத்தில் நிற்கும் உன் தம்பியைக் கூப்பிடு" என்றேன். குரல் மேலே எழும்பியது. அந்த உயரத்திலேயே பாட்டைத் தொடங்கினோம். மெல்ல மெல்லச் சுரம் சேர்ந்தது. பிறவியிலேயே சுரபேதம் அறியாதவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களுக்குத் தேவை பழக்கம். பெரியவர்களின் குரலுக்கு ஒத்த சுருதி பிள்ளைகளுக்குத் தாழ்வாக இருக்கும். சினிமாப் பாட்டுகள் பலவும் மேலும் கீழும் வெகுதூரம் போய்வரும். சிறு குரலுக்கு அவை எட்டா. ஆகவே நாலைந்து சுரத்திற்குள் அடங்கும் சின்னப் பாட்டுகளைச் சற்று உயர்த்தி எடுத்துக்கொடுங்கள். கத்திப் பாட விடவேண்டாம்.

'பாடப் பாட ராகம், மூட மூட ரோகம்' என்பது நம் பழமொழி. சிறு வயதில் வாயடைத்துப் போன பிள்ளை, பாட்டுக்கு மட்டுமா வாய் திறக்காது? வகுப்பில் எழுந்து கேள்வி கேட்கவும் கூசும். நாளைக்கு நேர்முகத் தேர்விலும் தலைகுனிந்து நிற்கும். அதைத்தான் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டில் என்ன செய்யலாம்? செலவில்லாத வழிகளைச் சொல்கிறேன். சமைக்கும்போது நீங்கள் ஒரு தாளம் தட்டுங்கள். பிள்ளை அப்படியே திருப்பித் தட்டட்டும். பிறகு அவன் தட்ட, நீங்கள் திருப்பித் தட்டுங்கள். காலி டின் ஒன்றில் ரப்பர் விதைகளையும், இன்னொன்றில் பச்சைப்பயற்றையும் போட்டு மூடிக் குலுக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று கண்டுபிடிக்கட்டும். ரெக்கார்டர் வாசிக்கத் தொடங்கும்போது அது கீச்சிடும், வெளியே துரத்தாதீர்கள். பலமாக ஊதுவதாலும், விரல் துளையைச் சரியாக மூடாததாலும் வருவது அது. இடக்கை மேலே, வலக்கை கீழே இருக்க வேண்டும். 'தூ' என்று மெல்லச் சொல்வதுபோல் ஊதச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும்.

பள்ளியிலும் உங்களுக்கு ஒரு வேலை உண்டு. நான் அறிந்த பள்ளிகள் சிலவற்றில், தேர்வு நெருங்கினால் இசைப்பாட நேரம் கணக்குக்கோ மொழிக்கோ போய்விடும். ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. ஆனாலும் அந்தப் பழக்கம் எங்கும் தானாகப் போய்விடும் என்று இருக்க முடியாது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், "இந்த வாரம் எங்கள் பிள்ளைகள் பாடினார்களா?" என்று கேளுங்கள். ஆண்டுவிழா மேடைக்குப் பத்துப் பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்தால், "மற்றப் பிள்ளைகள் எப்போது பாடுவார்கள்?" என்றும் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் எந்த ஆசிரியரும் வருந்தமாட்டார், மகிழ்ச்சியே அடைவார்.

பெற்றோர்களே, நம் பிள்ளைகளுக்கு நிலமோ பொருளோ எழுதி வைக்க நம்மில் பலரால் முடியாது. ஆனால் கேட்கும் காதையும் கூசாத குரலையும் கொடுக்க முடியும். இன்றிரவு உங்கள் பிள்ளையைப் பாடச் சொல்லுங்கள். பாடி முடிக்கும்வரை கேளுங்கள்.