போவதற்கு முன் திரும்பி வரும் வழியைப் பாருங்கள்

(எமது சங்கத்தின் நோர்வூட் பிரதேசக் குடும்பக் கூட்டத்தில் தோட்டத் தலைவர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாமல் போன உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க முழுமையாக வெளியிடுகிறோம்.)



என்னை மேடையில் ஏற்றிவிட்டார்கள். நான் பேச்சாளன் அல்ல. பெரட்டில் நின்று பழகியவன். ஆனாலும் இன்றைக்கு நான் பேசத்தான் வேண்டும். போன கிழமை எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் மூன்று பேர் ஒரு கடதாசியோடு என் காம்பராவுக்கு வந்தார்கள். வெளிநாட்டு வேலை. ஒருவருக்குச் சாரதி வேலை, மற்ற இருவருக்கும் சமையல் கூடத்தில் உதவி. சம்பளம் நாங்கள் கனவிலும் காணாத சம்பளம். இடம் எங்கே என்று கேட்டேன். "சண்டை நடக்கிற நாடுதான் மாமா. ஆனா நாங்க கேம்புக்குள்ளதான் இருப்போம். துவக்குத் தூக்கிற வேலை இல்லையாம்" என்றார்கள்.

அந்தப் பேச்சை நான் இருபது வருடத்துக்கு முன்பே கேட்டவன். கேட்டு, நம்பி, போய் வந்தவன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போக நினைக்கிறவர்களை ஏச நான் இங்கே வரவில்லை. 2024 செப்டெம்பரில் எங்கள் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என்று வர்த்தமானியில் வந்தது. மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும் அந்தக் கணக்கில் 33,750 ரூபா. அதில் பிடித்தம் போக மிச்சத்தில் அரிசி, மா, பிள்ளையின் பஸ் காசு, அம்மாவின் மருந்து எல்லாம் பார்க்க வேண்டியிருந்தது. இதைத் தெரிந்துகொண்டே "ஆசைப்பட்டுப் போகிறான்" என்று ஒரு பிள்ளையைக் குறை சொன்னால் அது நியாயம் இல்லை.

இனி என் கதையைச் சொல்கிறேன். 2005 கடைசியில் குவைத்தில் ஹோட்டல் வேலை என்று ஒருவர் என்னைச் சேர்த்தார். அவர் கேட்டது 160,000 ரூபா. அவ்வளவையும் நூற்றுக்கு ஐந்து மாத வட்டிக்கு வாங்கினேன். குவைத்தில் இறங்கியதும் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டார்கள். எட்டு நாள் ஒரு மண்டபத்தில் வைத்திருந்து, ஒன்பதாம் நாள் இரவு பஸ்ஸில் ஏற்றினார்கள். பொழுது விடிந்து பார்த்தால் ஈராக். அமெரிக்கப் படைமுகாம் ஒன்றின் சலவைக் கூடத்தில் எனக்கு வேலை. 400 டொலர் என்றவர்கள் 280 டொலர் தந்தார்கள். பன்னிரண்டு மணித்தியால வேலை, கிழமைக்கு ஏழு நாள்.

போய்ச் சேர்ந்த மூன்றாம் இரவு சைரன் ஊதியது. ஓடிப்போய் கொங்கிரீட் சுவருக்குப் பின்னால் குந்தியிருந்தோம். ஷெல் தூரத்தில்தான் விழுந்தது. ஆனாலும் நிலம் அதிர்ந்தது. அங்கேயே முடிவு பண்ணினேன், விடிந்ததும் ஊருக்குப் போய்விடுவது என்று. பிறகு மனதில் கணக்கு ஓடியது. கையில் கடவுச்சீட்டு இல்லை. ஊரில் மாதம் எட்டாயிரம் ரூபா வட்டி ஏறுகிறது. போய் நின்றால் யாருக்கு என்ன பதில் சொல்வது? விடிந்தது. நான் சலவைக்கூடத்துக்குப் போனேன்.

அன்றைக்கு என்னை அங்கே நிறுத்தியது தைரியம் இல்லை, கடன். மாதம் 18,000 ரூபா வீதம் பன்னிரண்டு மாதம் கட்டித்தான் அந்தக் கடன் தீர்ந்தது. 160,000 வாங்கி 216,000 கட்டினேன். என் குடும்பத்துக்கென்று நான் உழைக்கத் தொடங்கியதே இரண்டாம் வருடத்தில்தான். நான் முழுசாய்த் திரும்பி வந்தது அதிர்ஷ்டம். அதை என் கெட்டித்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அதிர்ஷ்டம் இல்லாதவர்களையும் நினைக்க வேண்டும். 2004 ஓகஸ்டில் நேபாள நாட்டு இளைஞர்கள் பன்னிரண்டு பேர் ஈராக்கில் கடத்திக் கொல்லப்பட்டார்கள். ஜோர்தானில் ஹோட்டல் வேலை என்று கடன்பட்டு வந்த கிராமத்துப் பிள்ளைகள் அவர்கள். அங்கிருந்து ஈராக்கிலுள்ள அமெரிக்க விமானத் தளம் ஒன்றுக்கு வேலைக்குக் கொண்டுபோகும் வழியில் பிடிபட்டார்கள். அதே வருடம் ஒக்டோபரில் குவைத் கம்பனி ஒன்றுக்கு லொறி ஓட்டிய இலங்கைச் சாரதி ஒருவரும் ஈராக்கில் கடத்தப்பட்டார். டிசம்பரில்தான் விடுதலையானார். அதே டிசம்பரில் மோசூல் நகர் முகாமின் சாப்பாட்டு மண்டபத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் குண்டு வெடித்து 22 பேர் செத்தார்கள். சிப்பாய்களோடு சிவிலியன் வேலையாட்களும் அதில் அடக்கம். ஆகவே "கேம்புக்குள்ள சமையல்தானே" என்ற பேச்சில் பாதுகாப்பு இல்லை. குண்டுக்குச் சமையல்காரன் யார், சிப்பாய் யார் என்று தெரியாது.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்கிறீர்களா? ரஷ்யா, உக்ரேன் சண்டையைப் பாருங்கள். எங்கள் நாட்டில் ஓய்வுபெற்ற இராணுவத்தினர் எத்தனையோ பேரைச் சண்டை இல்லாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லிக் கூட்டிப்போய் முன்னரங்கில் விட்டார்கள். ரஷ்யப் படையில் சேர்ந்த இலங்கையர் 554 பேர், அவர்களில் இறந்தவர்கள் 59 பேர் என்று 2025 ஆரம்பத்தில் வெளிவிவகார அமைச்சரே பாராளுமன்றத்தில் சொன்னார். பத்துப் பேரில் ஒருவருக்கு மேல். அந்த 59 வீட்டிலும் அம்மா இருப்பாள், பெண்சாதி இருப்பாள்.

பெரியவர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகப்படுத்துகிறேன். எங்கள் தாத்தா பாட்டன்மார் கங்காணியோடு இந்த மலைக்கு வந்த காலத்தில் "துண்டு" என்று ஒன்று இருந்தது. வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாவற்றையும் கடனாக எழுதினார்கள். இத்தனை ரூபா கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறோம் என்று தோட்டத்திலிருந்து எழுதிக்கொடுக்கிற சீட்டுத்தான் துண்டு. கடனைக் கட்டாமல் தோட்டம் மாற முடியாது. 1921-இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். நூறு வருடம் கழித்து எங்கள் பிள்ளைகள் வட்டிக்குக் காசு வாங்கி, தங்களுக்குத் தாங்களே துண்டு எழுதிக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள். ஆபத்து முதலில் ஷெல்லில் வருவதில்லை. "எனக்கு வேண்டாம், நான் வீட்டுக்குப் போகிறேன்" என்று சொல்லுகிற உரிமை கையைவிட்டுப் போகிற அன்றைக்கே வந்துவிடுகிறது.

அதனால் அந்த மூன்று பிள்ளைகளிடமும் நான் "போகாதே" என்று சொல்லவில்லை. சில கேள்விகள் கேட்டேன். அதே கேள்விகளை உங்களிடமும் சொல்கிறேன். வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாய்க் கேளுங்கள்.

முதலாவது, காசு. ஏஜென்ட் எவ்வளவு கேட்கிறார்? அந்தப் பிள்ளைகளிடம் கேட்டது ஆளுக்குப் பன்னிரண்டு இலட்சம். நூற்றுக்கு ஐந்து வட்டியென்றால் மாதம் 60,000 ரூபா வட்டி மட்டும். அந்த 1350 ரூபாக் கணக்கில் மலையில் இரண்டு பேர் மாதம் முழுக்க உழைத்த சம்பளம் வட்டிக்கே சரி. பையன் ஒரு மாதம் சம்பளம் அனுப்பாவிட்டால் வீடு விழும். இன்னொன்றும் தெரிந்திருங்கள். அமெரிக்க அரசாங்கக் கொன்ட்ரக்ட் வேலையென்றால், வேலையாளிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2012-இல் அந்த நாட்டு ஜனாதிபதியே உத்தரவு போட்டிருக்கிறார். அந்த வேலைக்கு ஒருவர் காசு கேட்டால், ஆரம்பத்திலேயே விதி மீறப்பட்டுவிட்டது.

இரண்டாவது, முதலாளி யார்? படைமுகாம் வேலையில் பெரிய கம்பனி ஒன்று கொன்ட்ரக்ட் எடுக்கும். அது சின்னக் கம்பனிக்குக் கொடுக்கும். அது ஆள் பிடிக்கிறவருக்குக் கொடுக்கும். கடைசியில் நம்ம ஊர்த் தரகர். பிரச்சினை வந்தால் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். சம்பளம் தரப்போகிற கம்பனியின் பெயரும் விலாசமும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, ஒப்பந்தம் எந்தப் பாஷையில்? வாசிக்கத் தெரியாத பாஷையில் கையெழுத்துப் போடாதீர்கள். ரஷ்யாவுக்குப் போனவர்களில் பலர் மாட்டியது இங்கேதான். சிவிலியன் வேலை ஒப்பந்தம் வேறு, படையில் சேருகிற ஒப்பந்தம் வேறு. படையில் சேர்ந்து கையெழுத்துப் போட்டவன் நினைத்த நேரம் விலகி வர முடியாது. நாடு, ஊர், வேலை, சம்பளம், திரும்பிவரும் டிக்கெட் யார் செலவு, இத்தனையும் எழுத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும்.

நான்காவது, விசா. சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றித் தருகிறோம் என்றால் அந்த இடத்திலேயே எழும்பி வாருங்கள். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் போனால் காப்புறுதி இல்லை, கேட்க ஆள் இல்லை. ஏஜென்சிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, இந்த வேலைக்கு அனுமதி உண்டா என்று பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம். கேட்பதற்குக் காசு கேட்கமாட்டார்கள்.

ஐந்தாவது, கடவுச்சீட்டு. அது உங்கள் கையில் இருக்க வேண்டும். நான் இருந்த காலத்தில் கம்பனிகள் பிடித்து வைத்திருந்த கடவுச்சீட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி 2006 ஏப்ரலில் ஈராக்கிலிருந்த அமெரிக்கப் படைத் தலைமை உத்தரவு போட்டது. அதற்குப் பிறகுதான் என்னுடையது எனக்குக் கிடைத்தது. அன்றிரவு அதைத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தேன். பல மாதத்துக்குப் பிறகு நிம்மதியாய்த் தூங்கினேன்.

ஆறாவது, செத்தால், கை கால் போனால் என்ன? இதைக் கேட்க வாய் கூசும். கேட்கத்தான் வேண்டும். அமெரிக்கத் தளங்களில் அரசாங்கக் கொன்ட்ரக்ட் வேலை செய்கிறவர்களுக்கு, எந்த நாட்டவராக இருந்தாலும், 1941-ஆம் வருடச் சட்டம் ஒன்றின்படி கம்பனி காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். காயப்பட்டவருக்கும், இறந்தவரின் மனைவி பிள்ளைகளுக்கும் நட்டஈடு உண்டு. பொதுவாக ஒரு வருடத்துக்குள் கோரிக்கை போட வேண்டும். இந்தச் சட்டம் இருப்பது எனக்கே ஊருக்கு வந்த பிறகுதான் தெரியும். வேறு நாட்டுப் படைக்குக் கீழே என்றால் அந்தக் காப்புறுதி கிடையாது. என்ன இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத்தின் ஒரு பிரதி, கம்பனி விலாசம், கடவுச்சீட்டுப் பிரதி மூன்றும் வீட்டுப் பெட்டியில் இருக்க வேண்டும். பெட்டியில் ஒன்றும் இல்லாத குடும்பம் யாரிடம் போய் நிற்கும்?

இனித் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பக்கத்து லயத்தில் ஒருவன் டைல் போட்டு வீடு கட்டினான் என்று உங்கள் பிள்ளையைக் குத்திக்காட்டாதீர்கள். போன பிள்ளை "அம்மா, என்னால முடியல்ல, வாறேன்" என்று கோல் எடுத்தால், "கடன் என்னாகிறது?" என்று முதல் வார்த்தையாய்க் கேட்காதீர்கள். "வா" என்று சொல்லுங்கள். நான் அங்கே இருந்தபோது அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை. காரணம், நான் எங்கே இருக்கிறேன் என்பதையே வீட்டுக்குச் சொல்லவில்லை. கடைசி வரை குவைத் என்றே சொன்னேன். அது பிழை. போகிறவர்கள் உண்மையைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

சங்கத்துக்கும் ஒரு கடமை இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் கடதாசியைச் சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். வாசித்துச் சொல்வோம், பணியகத்தில் விசாரித்துச் சொல்வோம். இங்கே நாட்சம்பளத்துக்குப் போராடுகிறோமே, அதுவும் இந்தப் பிள்ளைகளுக்காகத்தான். மலையில் மானமாய் வாழ முடிந்தால், யுத்த பூமியில் போய் உடுப்புத் துவைக்க யாருக்கு ஆசை?

அந்த மூன்று பேரில் ஒருவர் காசைத் திருப்பிக் கேட்டு வாங்கிவிட்டார். ஒருவர் இன்னும் யோசிக்கிறார். மற்றவர் போகத்தான் போகிறேன் என்கிறார். அவரைக் காரியாலயத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய அம்மாவும் கூட வருகிறார். ஒப்பந்தத்தை வரி வரியாய் வாசிக்கப்போகிறோம். இதே போல் கடதாசி கையில் வைத்திருக்கிற வேறு யாராவது இந்தக் கூட்டத்தில் இருந்தால், நீங்களும் அன்றைக்கு வாருங்கள்.