கார்த்திகைக் கிழங்கிலிருந்து ஒரு குளிசை



மாரி தொடங்கியதும் வேலிகளில் படர்ந்து பூக்கும் கார்த்திகைப் பூவை எம்மில் அறியாதவர் இல்லை. "கிழங்கைத் தொடாதே, நஞ்சு" என்று சொல்லித்தான் எம்மை வளர்த்தார்கள். அந்த நஞ்சின் பெயர் கொல்சிசின். யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் கௌட் என்ற மூட்டு வீக்கத்துக்கு இன்று உலகெங்கும் வைத்தியர்கள் எழுதிக் கொடுக்கும் குளிசையும் அதுதான். தமிழ்நாட்டில் திண்டுக்கல், கரூர் பக்கத்து விவசாயிகள் எமது வேலிக் கொடியைத் தோட்டமாகவே வளர்த்து, மருந்துக்காக விதையை ஏற்றுமதி செய்கிறார்கள். அங்கே அதற்குக் கண்வலிக் கிழங்கு என்று பெயர்.

கௌட் வந்த மூட்டு சிவந்து கொதிப்பது, யூரிக் அமிலப் படிகங்களைத் தாக்க வெள்ளை அணுக்கள் திரண்டு வருவதால். கொல்சிசின் அந்த அணுக்களின் நடமாட்டத்தை முடக்குகிறது. அளவு மிஞ்சினால் உயிரணுக்கள் பிரிவதையே நிறுத்திவிடும். குடல், எலும்பு மச்சை, மயிர்வேர் எல்லாம் பாதிக்கப்படும். இக்கிழங்கை உண்ட இலங்கை இளம்பெண் ஒருவருக்கு உடல் மயிர் முழுவதும் உதிர்ந்தது பற்றி 1966 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் கட்டுரை வந்தது. அவர் தப்பினார், தப்பாதவர்கள் எமது நாட்டில் பலர். வற்றாளைக் கிழங்கென்று நினைத்து அவித்து உண்டவர்களும் உண்டு.

இவ்வளவு கடுமையான பொருளை நோயாளர்களுக்கு எவ்வளவு காலம் சோதிக்காமலே கொடுத்தார்கள் தெரியுமா? 1820 இல் பிரான்சில் வேறொரு செடியிலிருந்து கொல்சிசினைப் பிரித்தெடுத்தார்கள். வலி தணியும்வரை அல்லது வயிற்றோட்டம் தொடங்கும்வரை கொடு என்பதே நெடுங்காலம் விதியாக இருந்தது. 1987 இல்தான் அவுஸ்திரேலியாவில் 43 பேரைக் கொண்டு, வெறும் குளிசையுடன் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மருந்து வேலை செய்தது. ஆனால் அதைக் குடித்த எல்லோருக்கும் வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தது.

எம்மைப் பொறுத்தவரை 2010 இல் வெளியான அமெரிக்கப் பரிசோதனையே பெரியது. 184 பேர். ஒரு பிரிவுக்கு ஆறு மணி நேரத்தில் 4.8 மில்லிகிராம், இன்னொன்றுக்கு ஒரு மணி நேரத்தில் 1.8 மில்லிகிராம், மூன்றாவதற்கு வெறும் குளிசை. 24 மணி நேரத்தில் வலி பாதியாகக் குறைந்தவர்கள், கூடிய அளவில் நூற்றுக்கு 33, குறைந்த அளவில் 38, வெறும் குளிசையில் 16. வயிற்றோட்டமோ கூடிய அளவில் நூற்றுக்கு 77, குறைந்த அளவில் 23. அத்தனை காலமும் எத்தனை பேர் வீணாக வயிற்றால் போய் வாடியிருப்பார்கள்!

சித்த வைத்தியமும் இக்கிழங்கை நஞ்சென்றே வகுத்து, சுத்தி செய்த பின்பே மருந்தில் சேர்க்கிறது. எமக்குப் பயம், "மூலிகைதானே, என்ன செய்யப் போகிறது" என்று வீட்டில் அரைத்துக் குடிப்பவர்களைப் பற்றித்தான். கிழங்கு நஞ்சேறினால் மாற்று மருந்து கையில் இல்லை.

மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கும் கௌட் வரும் வாய்ப்புக் கூடுகிறது. இங்கே இருப்பவர்களில் பலர் அந்த வயதுதான். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், கிளாரித்ரோமைசின் போன்ற சில கிருமிகொல்லிகளை எடுப்பவர்களுக்கும், வழமையான அளவுக் கொல்சிசினே நஞ்சாகலாம். யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்தியர், ரொறன்ரோவில் இன்னொருவர் என்று மருந்து எடுப்பவர்கள் இரண்டு மருந்துத் துண்டுகளையும் இருவரிடமும் காட்டுங்கள். அம்மாமார் குடிக்கும் கசாயத்தில் என்ன சேர்கிறது என்பதையும் கேட்டுச் சொல்லிவிடுங்கள்.